பெர்சாரா, பெர்சாலின்

பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் எங்கள் வீட்டு வரிசையில் நல்லமுத்துவின் வெஸ்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. வெளுத்த நீல நிறம். கிளம்புவதற்கு முன் நாலைந்து முறை இருமும், பிறகுதான் மனமிறங்கும். அதில்தான் அவர் துறைமுகக் கிடங்குக்குப் போய் வந்தார். அதில்தான் மனைவியைப் பெரிய ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டும் வந்தார். மனைவி ஜெயலெட்சுமி அங்கே பிரசவ வார்டில் மிஸ்ஸி. நர்ஸ் என்று எங்கள் வரிசையில் யாரும் சொல்வதில்லை, மிஸ்ஸிதான். இந்த வரிசைப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஜெயா மிஸ்ஸியின் கையில் விழுந்தவர்கள். அவர்கள் வீட்டில் மட்டும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஒரு காலத்தில் பேசினோம், பிறகு பேசுவதை விட்டுவிட்டோம்.

எண்பத்தைந்தில் நல்லமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயதானது. துறைமுகத்தில் மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மறுநாளிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். அது முடிந்ததும் எங்கள் வீட்டுக் கதவுகளுக்கும் போட வந்தார். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், அன்றிலிருந்து அது கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அவரோடு இருந்த அக்காள் வடிவம்மாள் புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். வாய் நிறைய வெற்றிலையும் வார்த்தையும் உள்ளவள்.

"உக்காருடா ஒரு எடத்துல. நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்பாள்.

"உக்காந்துதான லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து வாசலுக்குப் போவார்.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகுதான் அந்தச் செய்தி எங்கள் காதுக்கு வந்தது. கெலுகோர் மேட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், வேலை பார்ப்பவர்களும் வயதானவர்களும் வீட்டிலிருந்தே பட்டப்படிப்பு படிக்கலாமாம். நல்லமுத்து யாருக்கும் சொல்லாமல் பரீட்சை எழுதி இடமும் வாங்கிவிட்டார். சரித்திரப் படிப்பு. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய காலத்திலேயே சிங்கப்பூருக்குப் போய்ப் படிக்க நினைத்தவர். தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பொடிந்து படுத்தார். அத்தோடு பிள்ளை படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கிடங்குக்குக் கணக்கெழுதும் கிராணியாகப் போனது.

"அம்பத்தாறு வயசுல காலேஜா?" என்றாள் வடிவம்மாள். "யாருடா ஒனக்கு உத்தியோகம் குடுக்கப் போறான்?"

"உத்தியோகத்துக்கு இல்லக்கா."

"அப்புறம்?"

"படிக்கறதுக்கு."

"படிச்சி?"

ஜெயா மிஸ்ஸிதான் உள்ளிருந்து, "காத்தாடியக் கழட்டறதுக்கு இது தேவல அண்ணி. போகட்டும் விடுங்க" என்றாள்.

வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றாலும் வருடத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் நேரில் போய் வகுப்பில் உட்கார வேண்டும். படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாத்தியார்கள் என்பதால் நவம்பர் பள்ளி விடுமுறையில் அதை வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு விடுதி, பினாங்குக்காரர்கள் வீட்டிலிருந்து போய் வரலாம். மூன்று வாரமும் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய் வருகிறேன் என்று ஜெயா மிஸ்ஸி சொல்லிவிட்டாள்.

பாடமெல்லாம் மலாயில். நல்லமுத்துவுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் மலாய் பேசியவர், மலாயில் சண்டை போட்டவர், மலாயில் சமாதானம் ஆனவர். ஆனால் அது பாசார் மலாய், சந்தையில் மீனுக்கு விலை கேட்கிற மலாய். பல்கலைக்கழகத்து மலாய் சலவைச் சட்டை போட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் முதல் நாள் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை முந்தின நாளே தயார் செய்தார். ஓய்வு பெறுவதைத் துறைமுகத்தில் எல்லா இனத்தவரும் 'பென்சன்' என்றுதான் சொல்வார்கள். அகராதியில் பார்த்தபோது முறையான சொல் 'பெர்சாரா' என்று இருந்தது; முன்னால் 'சுடா' சேர்த்தால் ஓய்வு பெற்றாயிற்று என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை கிரீன் லேன் சாலை முழுக்க, "சுடா பெர்சாரா, சுடா பெர்சாரா" என்று முணுமுணுத்துக்கொண்டே வெஸ்பாவை ஓட்டினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடித்தது அவர் காதில் விழவில்லை.

வகுப்பில் விரிவுரையாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். மரியாதையாகப் பேசினாள். ஒவ்வொருவராக எழுந்து பேரும் வேலையும் சொல்லச் சொன்னாள். வாத்தியார், வாத்தியார், போலீஸ்காரர், மறுபடியும் வாத்தியார். எல்லோருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயது. நல்லமுத்துவின் முறை வந்தது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாமா சாயா நல்லமுத்து. தாஹுன் லெப்பாஸ், சாயா சுடா பெர்சாலின்."

வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது. அவர் சொல்ல நினைத்தது 'போன வருடம் ஓய்வு பெற்றேன்' என்பது. அவர் சொன்னது 'போன வருடம் எனக்குப் பிரசவம் ஆனது' என்பது. கடைசி வரிசையில் மீசை வைத்த ஒரு வாத்தியார், "லெலாக்கி கே பெரம்புவான், பாக் சிக்?" என்று கேட்டார். ஆணா பெண்ணா, மாமா? விரிவுரையாளரே வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்லமுத்துவும் சிரித்தார். உட்கார்ந்தார். அடுத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அவர் காதில் ஏறவில்லை. வகுப்பு முடியும்போது விரிவுரையாளர் ஆளுக்கொரு தலைப்புக் கொடுத்தாள். வியாழக்கிழமை ஒவ்வொருவரும் முன்னால் வந்து நின்று கட்டுரையை வாசிக்க வேண்டும், வாசிக்காதவர்களுக்கு இந்த வருடப் படிப்பு போனது போனதுதான் என்றாள். நல்லமுத்துவுக்கு மலாக்கா சுல்தான்களின் ஆட்சிமுறை விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிரீன் லேன் பக்கம் திரும்ப வேண்டிய வெஸ்பா கடற்கரைப் பக்கம் திரும்பியது. எஸ்பிளனேடில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். எழுந்து படகுத்துறைக்குப் போனார். கால்கள் தன்னிச்சையாகக் கிடங்கு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போயின, அங்கே புதிய காவலாளிக்கு அவரைத் தெரியவில்லை. கடைசியில் சூலியா தெருவில் ஷேக் அலாவுதீனின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தார். சின்ன வயதிலிருந்து பழக்கம். அலாவுதீன் மீன் தலைக் கறியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, காலேஜுக்கு இன்னிக்கு லீவா?"

"மத்தியானம்தான் கிளாஸ்."

"அப்ப உக்காருங்க. வெண்டிக்கா இப்பத்தான் எறக்குனேன்."

சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. எழுந்து கை கழுவினார், மறுபடி உட்கார்ந்தார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கடை முன்னால் ஐந்தடிப் பாதையில் தண்ணீர் தெறித்தது. அலாவுதீன் மூன்று முறை கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மத்தியானம் ஆயி மழையும் வந்துருச்சு. கிளாசு?"

"மழையில எப்படி லா போறது?"

"நீங்க மழைக்குப் பயந்து நான் பாத்ததில்லையே" என்றார் அலாவுதீன். நுரைத்த பால் தேநீர், ஒரு தே தாரிக், ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

புதன்கிழமையும் அதே கதைதான்.

அந்தப் புதன்கிழமை காலை பிரசவ வார்டில் கூட்டம். ஜெயா மிஸ்ஸிக்கு ஒரு கோப்பி குடிக்கக்கூட நேரமில்லை. கட்டிலுக்குக் கட்டில் குனிந்து வயிற்றில் குழலை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பதும், தாதிகளை விரட்டுவதும், கத்துகிறவர்களை அதட்டுவதும், அதட்டிய கையாலேயே நெற்றியைத் துடைப்பதுமாக இருந்தாள். பாலிக் புலாவிலிருந்து ஒரு மலாய்ப் பெண் வந்திருந்தாள். தலைப்பிரசவம். பயத்தில் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஹாஷிம் என்ற வாத்தியார், வார்டு வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். மனைவியைச் சிரிக்க வைக்க ஒரு கதை சொன்னார். எங்கள் வகுப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், முதல் நாள் எழுந்து நின்று போன வருடம் எனக்குப் பிரசவம் ஆனது என்று சொன்னார், ஆண்பிள்ளையான அவரே பெற்றிருக்கிறார், உனக்கென்ன பயம் என்றார். அந்தப் பெண் வலியிலும் சிரித்தாள். ஜெயா மிஸ்ஸியும் சிரித்துவிட்டாள்.

"பாவம் மிஸ்ஸி" என்று மலாயில் சொன்னார் ஹாஷிம். "ஆணா பொண்ணான்னு நான்தான் கேட்டேன். சும்மா விளையாட்டுக்கு. மறுநாள் அவர் வரவே இல்ல. துறைமுகத்துல வேலை செஞ்சவராம். எனக்கு மனசே சரியில்ல."

ஜெயா மிஸ்ஸியின் சிரிப்பு அப்படியே நின்றது. நேற்றிரவு சாப்பிடும்போது நல்லமுத்து, வகுப்பு நன்றாகப் போனதாகச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் நல்லமுத்து வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படி மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வடிவம்மாள் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை விட்டும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

"கிளாஸ் எப்படிப் போச்சு?"

"நல்லா போச்சு."

"இன்னிக்கு என்ன பாடம்?"

"மலாக்கா."

"நேத்து?"

"நேத்தும் மலாக்காதான். அது பெரிய ஊரு லா."

ஜெயா மிஸ்ஸி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க வார்டுல இன்னிக்கு ஒரு பொண்ணு. பாலிக் புலாவ். அவ புருஷன் உங்க கிளாஸாம். ஹாஷிம்னு பேரு, மீச வச்சிருக்கார்."

நல்லமுத்து எழுந்து சன்னல் கொக்கியைப் பார்க்கப் போனார். அது நன்றாகத்தான் மாட்டியிருந்தது.

"சொல்லிட்டானா?"

"சொன்னாரு."

"நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன். யாருன்னு தெரியறதுக்கு முன்னால."

"தெரிஞ்ச பிறகு?"

"கோவம் வந்துச்சு. ரெண்டு நாளா பையத் தூக்கிட்டு எங்க சுத்துனீங்க?"

வடிவம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "என்னடா சொன்ன அங்க? எனக்கும் சொல்லேன்."

"போன வருசம் புள்ள பெத்தேன்னு சொன்னேங்க்கா. பென்சன் வாங்கினேன்னு சொல்ல வந்து."

வடிவம்மாள் வெடித்துச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தாய் போல வளர்த்த தம்பியின் முகத்தைப் பார்த்தாள், தேங்காய்த் துருவியை மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"சரி, சிரிச்சாங்க. அதுக்குப் படிப்ப விடுவாங்களா?" என்றாள் ஜெயா மிஸ்ஸி. "துறைமுகத்துல எத்தன பேரு எத்தன பேச்சு பேசியிருப்பான், கேட்டுக்கிட்டு இருந்தவர்தான? அந்த வார்த்த எங்கருந்து வந்துச்சு உங்க வாயில? பெர்சாரா எங்க இருக்கு, பெர்சாலின் எங்க இருக்கு?"

"உங்க ஆஸ்பத்திரியிலருந்துதான் வந்துச்சு."

"எங்க ஆஸ்பத்திரியா?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

"இருபது வருசம் ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில நின்னேன்ல ஜெயா, நீ டூட்டி முடிஞ்சி வர்ற வரைக்கும். பக்கத்துல நிக்கிறவன் பூரா பொண்டாட்டியப் பிரசவத்துக்குச் சேத்தவன். மலாய்க்காரரு, சீனரு, நம்மாளு. மொதல்ல நெருப்பு கேப்பான். அப்புறம் எல்லாரும் இதத்தான் கேப்பான். சுடா பெர்சாலின்? பிரசவம் ஆயிருச்சா? இருபது வருசமா காதுல விழுந்த பேச்சு. நான் சுடான்னு ஆரம்பிச்சேன், மிச்சம் தன்னால வந்துருச்சு."

"என் பெஞ்சாதி இங்க மிஸ்ஸி, வேலை முடிஞ்சி வருவான்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஆரம்பத்துல சொன்னேன். சொன்ன ஒடனே ஓகோன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறான். அவன் கவல அவனுக்கு. ஒரு நாளு, ஏன்னு தெரியல, பெலும்னு சொல்லிட்டேன். இன்னும் இல்லன்னு. அந்த ஆளு என் தோள்ல கை போட்டான். கவலப்படாத, எல்லாம் நல்லபடியா நடக்கும்னான். எனக்கு அது நல்லா இருந்துச்சு ஜெயா. அதுலருந்து யாரு கேட்டாலும் பெலும்தான்."

ஜெயா மிஸ்ஸி நறுக்கிய பயற்றங்காயை ஒருபுறமாகக் கூட்டி வைத்தாள். உள்ளே வந்து விசிறியடியில் உட்காருங்கள் என்று எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள். வெயிலில் நின்று கறுத்துப் போகிறாரே என்று சலித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே மற்றவர்களின் பிள்ளைகளை அவள் ஏந்திக்கொண்டிருந்தபோது, வெளியே அவர் பொய்யாகவாவது ஒரு தகப்பனாக நின்றிருக்கிறார். இத்தனை வருடம் ஒரே வண்டியில் முன்னும் பின்னும் உட்கார்ந்து வந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"சிரிச்சது எனக்குப் பெருசா தெரியல" என்றார் அவர். "அந்த ஹாஷிம் ஆணா பொண்ணான்னு கேட்டான் பாரு. இருபது வருசத்துல அத மட்டும் யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல. அதுக்குள்ள நீ வந்துருவ. நான் வண்டிய எடுத்துருவேன்."

அடுப்பில் குழம்பு கொதித்து மூடி ஆடியது. வடிவம்மாள் எழுந்து போய் அடுப்பைத் தணித்தாள். அங்கே நின்றபடியே, திரும்பாமல் கேட்டாள்.

"நாளைக்கு என்னமோ வாசிக்கணும்னியே, எழுதிட்டியா?"

"திங்கக்கெழம ராத்திரியே எழுதிட்டேங்க்கா. ஆனா போகல."

"போகலன்னா?"

"இந்த வருசம் போயிரும்."

"அப்புறம் மறுபடியும் காத்தாடியக் கழட்டுவ" என்றாள் வடிவம்மாள். "சட்டையக் குடு, தேச்சு வைக்கிறேன். கசங்கின சட்டையோட போய் நின்னா இன்னும் சிரிப்பானுங்க."

நல்லமுத்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"எனக்கு நாளைக்கு ஆஃப்" என்றாள் ஜெயா மிஸ்ஸி. "நானும் கூட வர்றேன்."

"நீ எதுக்கு அங்க?"

"நிக்கறதுக்கு."

மறுநாள் வெஸ்பா அவளையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் முக்கி முக்கி ஏறியதாக அவளே எங்களிடம் சொன்னாள். வகுப்புக் கட்டடத்தின் முன்னால் அங்சானா மரம் ஒன்று இருந்தது. இரவு மழையில் உதிர்ந்த மஞ்சள் பூ தரையெல்லாம் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. அவர் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவள் குடையை ஊன்றிக்கொண்டு மரத்தடியில் நின்றாள்.

நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. வார்டில் நாள் முழுக்க நின்று பழகியவள்தான், ஆனால் அங்கே கைக்கு வேலை இருக்கும். இங்கே கை சும்மா இருந்தது. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி மரத்தடிக்கே வந்தாள். வெயில் ஏறியது.

அப்போது ஹாஷிம் வேகமாகப் படியேற வந்தார். தாடி மழிக்காமல், கண் சிவந்து, முகமெல்லாம் பல்லாக.

"மிஸ்ஸி! பொண்ணு! நேத்து சாயங்காலம். உங்க டூட்டி முடிஞ்சி கொஞ்ச நேரத்துல. ரெண்டு பேரும் சுகம்." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நீங்க இங்க என்ன பண்றீங்க? யாருக்குக் காத்திருக்கீங்க?"

"என் புருஷனுக்கு. உங்க கிளாஸ்தான். துறைமுகத்துல இருந்தவரு."

ஹாஷிமின் சிரிப்பு உதிர்ந்தது. படியிலேயே நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவரை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்களுக்குப் புள்ள இல்ல வாத்தியாரே. உங்களுக்குத் தெரியாது. போங்க, உள்ள போய் உக்காருங்க. பாதியில போனா அவருக்குத் தடுக்கும், சத்தம் போடாமப் போங்க."

ஹாஷிம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பெரிய சிரிப்பு. கட்டாயப்படுத்தி அழைத்து வந்தது தப்போ என்று ஜெயா மிஸ்ஸிக்குத் தோன்றியது. படிவரை ஓடினாள். உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அடங்கியது. பிறகு ஒரே குரல், நிறுத்தி நிறுத்தி, வெகு நேரம் கேட்டது. அது அவர் குரல்தான். அவள் மெதுவாக மரத்தடிக்குத் திரும்பி வந்தாள்.

மத்தியானம் அவர் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஹாஷிம் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டிப் பெட்டியில் பையை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

"சிரிச்சாங்களே?" என்றாள் ஜெயா மிஸ்ஸி.

"நாந்தான் சிரிக்க வச்சேன். முன்னால போய் நின்னேனா, ஒருத்தன் மூஞ்சியும் சரியா இல்ல, அன்னிக்குச் சிரிச்ச வெக்கத்துல எல்லாரும் குனிஞ்சிக்கிட்டு இருக்கான். எனக்கே பாவமா போச்சு. அன்னிக்குக் கேட்டீங்களே, ஆண் புள்ளதான், வயசு அம்பத்தாறு, இப்பத்தான் நடக்கப் பழகுது, விழுந்தாத் தூக்கி விடுங்கன்னு சொன்னேன். அப்புறம் வாசிச்சேன். ரெண்டு எடத்துல விழுந்தேன். யாரும் சிரிக்கல."

சொல்லிவிட்டு வெஸ்பாவை உதைத்தார். அது இருமியது. மறுபடி உதைத்தார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தோளில் கை போட்டாள்.

"சுடா பெர்சாலின்?" என்று கேட்டாள்.

அவர் திரும்பவில்லை.

"பெலும் லா" என்றார். "பட்டம் வாங்க இன்னும் அஞ்சு வருசம் இருக்கு. அது வரைக்கும் நீ நிப்பியா?"

"நீங்க நிக்கலையா?" என்றாள் அவள். "வண்டிய எடுங்க."